பின்சீட்டின் எடை

தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகளின் பிரேக் கருகலும் பரோட்டாக் கல்லின் எண்ணெயும் ஒன்றாக மூக்கில் ஏறினால், எனக்கு ஒரு பழைய விமானத்தின் என்ஜின் ஞாபகம் வந்துவிடும். போன வாரம் அங்கே மூன்றாவது பரோட்டாவைப் பிய்க்கும்போதுதான் மாதப்பன் அனுப்பிய படம் வந்தது. அதே மஞ்சள் விமானம், ஏதோ ஒரு கல்லூரி வாசலில் சிமெண்டு மேடைமேல். பக்கத்தில் அவன். இன்னும் ஒல்லியாகவே இருக்கிறான், பாவி.

ஓசூர் பக்கம் ஒரு தனியார் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், இருவரும் ஒன்றாக மெக்கானிக் வேலைக்குச் சேர்ந்தோம். ஒருகாலத்தில் பட்டாளத்துப் பையன்கள் பறக்கப் பழகிய விமானம் அது. முன்னும் பின்னுமாக இரண்டே சீட்டு. வருடாவருடம் அதிகாரிகள் சோதித்து அனுமதி கொடுத்தால்தான் பறக்கலாம். ஒரு திருகாணி மாற்றினாலும் அதற்குச் சான்று கேட்பார்கள். அந்த விமானத்துக்குச் செய்த பணிவிடையை எங்கள் வீட்டு எருமைக்குச் செய்திருந்தால் இன்னொரு சொம்பு கறந்திருக்கும்.

ஒரு வருடம் அனுமதி கிடைத்த கையோடு சேலத்தில் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். இறங்கியதும் என்ஜினைப் பார்க்க ஒரு மெக்கானிக் பின்சீட்டில் போக வேண்டும். வழியோ எங்கள் ஊருக்கு நேர் மேலே. போகப்போவது நான்தான் என்று அம்மாவிடம் சொன்னேன்; அம்மா ஊருக்கே சொல்லிவிட்டாள்.

பின்சீட்டில் இருக்கும் ஆளும் கருவிப்பையும் சேர்ந்து ஓர் எடையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வால் கனத்துவிடும். அந்தக் கணக்கைப் போடுவதே நான்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவனுக்குக் கிடைத்த கணக்கு. அரைவயிறு சாப்பிட்டு, ஒருவழியாக வரம்புக்குள் வந்தேன். முந்தின நாள் ஊருக்குப் போனதுதான் பிசகு.

"வெறும் வயித்தோட மேல போனா கிறுகிறுன்னு வராதா கண்ணு?" என்று அம்மா களியும் கோழிக் குழம்பும் வைத்தாள்.

காலையில் தராசு ஒரு கிலோ கூடுதலாகக் காட்டியது.

"ஒரு கிலோதானுங்க மேடம்," என்றேன் தலைமைப் பொறியாளரிடம்.

"பிளேனு கெழவன்ப்பா. கெழவன் முதுகுக்கு ஒரு கிலோவும் கனம்தான். நீயே போட்ட கணக்குதான?"

"ஸ்பேனர்ல பாதிய எடுத்துடலாங்க மேடம், இவனே போவட்டும்," என்றான் மாதப்பன். அந்த நல்ல மனசுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஸ்பேனர் இல்லாம அங்க போயி கைதட்டவா?"

பின்சீட்டுக்கு மாதப்பன் என்று முடிவானது; அவன் எடையை என் கையாலேயே தாளில் எழுதினேன்.

சாயந்திரம் அம்மா போன் செய்தாள். நான் போகவில்லை, மாதப்பன்தான் போனான் என்றேன். "யாரு பெத்த புள்ளையோ, மேலருந்து ரெண்டு கையாலயும் கும்புட்டுச்சு கண்ணு," என்றாள். இன்றுவரை போனில் முதலில் அவனைத்தான் விசாரிக்கிறாள். அப்புறம்தான் நான்.

அடுத்த சோதனையில் இறக்கைக்குள் ஒரு விரிசல். அதற்கு மாற்று இறக்கைச் சட்டகம் எங்கும் கிடைக்கவில்லை, அனுமதியும் இல்லை. ஹேங்கரையே மூடினார்கள். இப்போது எங்கள் ஊருக்கு மேலே அந்தச் சத்தம் கிடையாது.

படத்துக்குக் கீழே மாதப்பன் எழுதியிருந்தான்: "வாடா, பின்சீட்டுல உக்காரலாம். இப்ப எட பாக்க ஆளில்ல."

"இன்னொன்னு போடட்டுங்களா?" என்றார் கடைக்காரர்.

இனி எதற்காக வேண்டாம் என்பது? போடச் சொன்னேன்.