குடுவைக்குள் உயிர் பிடித்த டாக்டரும் மீரான் ராவுத்தரும்

பாலசமுத்திரம் வழியாக மலையிலிருந்து பூண்டு மூட்டைகளோடு இறங்கி வந்த பொதிமாட்டுக்காரர் ஒருவர்தான் பழனியில் என் வீட்டு வாசலில் நின்று அந்தச் செய்தியைச் சொன்னார். "வாத்தியாரய்யா, கோடைக்கானல் கடைவீதி மீரான் ராவுத்தர் தவறிட்டாருங்க. அடக்கமும் முடிஞ்சிருச்சு. ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாக." சொல்லிவிட்டு அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று பள்ளிக்கூடம் போக மனம் வரவில்லை. மறுநாளே மலையேறினேன்.

ராவுத்தரைத் தெரிந்தவர்களுக்கு அவர் கடையும் தெரியும். கம்பளி, லாந்தர் விளக்கு, குடை, அவற்றோடு சீமைக்குத் திரும்பும் துரைமார் ஏலத்தில் போட்டுவிட்டுப் போகும் தட்டுமுட்டுச் சாமான்கள். வாங்க வந்தவரிடம் முதலில் சரக்கின் குறையைச் சொல்லிவிட்டுத்தான் விலையைச் சொல்வார். "இந்த லாந்தர்ல கண்ணாடி கீறிக் கெடக்கு, பாத்துக்க. இந்தக் கம்பளி ஒரு ஓரத்துல பூச்சி அரிச்சது." இப்படி ஒரு வியாபாரம் உருப்படுமா என்று நான் கேலி செய்ததுண்டு. உருப்பட்டது. பள்ளங்கியிலிருந்தும் மேல்மலைக் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்கள் மற்ற கடைகளைத் தாண்டி அவரிடம் வந்தார்கள். ராவுத்தர் சொன்னால் சரியாக இருக்கும் என்பது மலையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி.

அப்படி ஓர் ஏலத்தில், ஒரு பெட்டிச் சாமானோடு வந்து சேர்ந்ததுதான் அந்த ஆங்கில நாவல். விக்டோரியா மகாராணி காலத்துப் புத்தகம். எழுதியவர் பெயரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. நான் அப்போது கோடைக்கானலில் ஆசிரியராக இருந்தேன். ராவுத்தருக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். வராத இடத்துக்கு என்னைப் பிடித்துக்கொண்டார். அந்த நாவலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் யாராவது மயங்கி விழுவார்கள், மெழுகுவர்த்தி தானாக அணையும். பாழடைந்த மாளிகையில் இருக்கும் ஒரு டாக்டர், செத்துப்போன தன் தங்கை மகளின் உயிரைக் கண்ணாடிக் குடுவைக்குள் பிடித்து வைக்கிறார். மின்னலைச் செப்புக் கம்பியில் இறக்கி அவளை எழுப்பப் பார்க்கிறார். பாதி ரசாயனம், பாதி பேய். சுத்த உளறல் என்றேன். ராவுத்தர் கோபித்துக்கொள்ளவில்லை. "உளறலாவே இருக்கட்டும் வாத்தியாரே. அந்த டாக்டருக்கு அவ மேல எம்புட்டு ஆசை இருந்தா இந்தக் கோட்டி புடிக்கும்? அதைப் பாருங்க" என்றார். அப்படிப் படிக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கலைந்து மழையும் மூடுபனியும் பிடித்துக்கொண்டால் ஜனங்கள் அவர் கடையில் ஒதுங்குவார்கள். அவர்களுக்கு அந்தக் கதையை வாரா வாரம் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். எவ்வளவு நன்றாகச் சொன்னார் என்பதை அங்கே ஒதுங்கி நின்றவர்கள் அறிவார்கள். மழை விட்ட பிறகும் ஒருவரும் நகரமாட்டார்கள். சீமைப் பொட்டல்காட்டையும் கோட்டையையும் சொன்னால் இவர்களுக்கு எப்படிப் புரியும் என்று யோசித்து, மாளிகையைத் தூக்கிக்கொண்டுவந்து பக்கத்து வட்டக்கானலுக்குக் கீழே சோலைக்குள் ஒரு பங்களாவாக வைத்துவிட்டார். அந்த ஒரு காரியம்தான் வினையாக முடிந்தது.

பள்ளங்கியில் பூண்டு பயிரிடும் அங்கம்மாளின் பையன் அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டான். ஒரே பிள்ளை. அவள் அழவே இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சந்தைக்கு மட்டும் தவறாமல் வந்து, கதை நடக்கும்போது கம்பளிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நிற்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் மின்னலுக்காகக் காத்திருக்கும் இடத்தில் ராவுத்தர் கதையை நிறுத்தினார். மறுநாள் அவர் கடை திறக்கும்போது நானும் கூட இருந்தேன். அங்கம்மாள் தன் அண்ணனோடு வந்து நின்றாள். அண்ணன் தோளில் மண்வெட்டி இருந்தது.

"ராவுத்தரய்யா, அந்தப் பங்களாவுக்கு எந்தப் பாதையில போகணும்?" என்று கேட்டாள். "புள்ளைய எடுத்துட்டுப் போறதா இருக்கோம். அதுக்கு முன்ன ஒண்ணு கேட்டுக்கிறேன். காட்டுச்சோலி பாக்கறவுக புள்ளைய அந்தத் தொர தொடுவாருங்களா?"

ராவுத்தர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் வெளிறிப்போனதை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு நிதானமாகச் சொன்னார்: "ஆத்தா, அது கதை. பங்களாவும் கெடையாது, டாக்டரும் கெடையாது. நான்தான் வட்டக்கானல்னு சேத்துச் சொன்னேன்."

அவள் நம்பவில்லை. "நீங்க பொய் சொல்ல மாட்டீக. தொர வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாராக்கும்" என்றாள். அண்ணன் மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டான். இன்னும் சற்று நேரத்தில் அவர்கள் பிள்ளையைப் புதைத்த இடத்துக்குப் போய்விடுவார்கள் என்று எனக்குப் புரிந்தது. உயிரைப் பற்றி விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று விளக்க நான் வாயைத் திறந்தேன். ராவுத்தர் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"சரி, உக்காரு தாயி. மிச்சக் கதையக் கேட்டுட்டு அப்புறம் போ."

சொன்னார். மின்னல் இறங்கியது, பெண் கண்ணைத் திறந்தது. டாக்டர் அவளைப் பெற்ற தாயைக் கூப்பிட்டனுப்பினார். தாய் பால் காய்ச்சிக் கொண்டுவந்தாள், பெண் குடிக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்; அசலாரைப் பார்ப்பது போலப் பார்த்தது. மடியில் போட்டுக்கொண்டாள், எத்தனை கம்பளி போர்த்தியும் உடம்பு சூடேறவில்லை. தாய் டாக்டரிடம் போய், "தொறந்து விட்டுருங்கண்ணே" என்றாள். "இம்புட்டுப் பாடுபட்டுப் புடிச்சு வச்சிருக்கேன், ஏன் விடச் சொல்ற?" என்று டாக்டர் கத்தினார். "எனக்காக வந்து இருக்குது. அதுக்குக் குளுருது" என்று சொல்லிவிட்டுத் தாய் குடுவை மூடியைத் திறந்தாள்.

அங்கம்மாள், "அவ கையாலயேவா?" என்றாள்.

"ஆமாத்தா. அவ கையாலயேதான்."

அவள் அந்தப் படியிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கடைவீதியே நின்று பார்த்தது. ராவுத்தர் ஒருவரையும் கிட்டே வரவிடவில்லை. வெயில் ஏறிய பிறகு அண்ணனும் தங்கையும் எழுந்து ஊருக்கே திரும்பிப் போனார்கள்.

அடுத்த சந்தையில் ராவுத்தர் கூட்டத்துக்கு நடுவில் நின்று, பங்களா தன் கைச்சரக்கு, கதை ஏதோ தூரதேசத்துக் கதை என்று சத்தம் போட்டுச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிலர், நீயுமா இப்படி என்று முறைத்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஓரிருவர் பிறகு அந்தக் கடைக்கு வரவேயில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டார். ஆனாலும் சொன்னார்.

எனக்குத்தான் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. முழு நாவலையும் நான் படித்திருந்தேன். அதில் அந்தப் பெண் அனாதை. பெற்றவள் கதை தொடங்குமுன்பே இறந்துபோனவள். கடைசியில் மாளிகை தீப்பற்றி எரிகிறது, டாக்டருக்குப் பைத்தியம் பிடிக்கிறது, அவ்வளவுதான். இதை ராவுத்தரிடமே கேட்டேன். "ஒரு புள்ள இருந்தா அதுக்கு ஒரு தாய் இருக்கணும்ல வாத்தியாரே. எழுதுனவரு மறந்துட்டாரு" என்று சொல்லிவிட்டுக் குடைகளை எடுத்து வெளியே தொங்கவிடப் போய்விட்டார். அவருடைய சாமர்த்தியம் என்று எண்ணிக்கொண்டேன். அதை இத்தனை வருடமும் பலரிடம் வியந்து பேசியிருக்கிறேன்.

துக்கம் கேட்க நான் போனபோது, அவர் வீட்டுக்குள்ளிருந்து அங்கம்மாள் வெளியே வந்தாள். தலை நரைத்திருந்தது. ராவுத்தரின் மனைவியோடு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாளாம். என்னை அடையாளம் கண்டுகொண்டு தெருவோரம் நின்றாள். பேச்சு அந்தப் பழைய நாளுக்குப் போனது.

"அந்தக் கதையில தாயே கெடையாதாமுல்ல?" என்றாள் அவளாகவே. "எனக்கு அப்பவே தெரியுமுங்க. கொஞ்ச நாள்லயே ராவுத்தரய்யா பள்ளங்கிக்கு நடந்து வந்து சொல்லிட்டாரு. அப்ப நீங்க சொன்ன அந்தத் தாய் யாருங்கன்னு கேட்டேன். வான்னு கூட்டியாந்து, இந்த வீட்டுக்குள்ள இவுகள, தன் சம்சாரத்தக் காட்டுனாரு."

நான் கதவைப் பார்த்தேன்.

"இவுகளுக்கு ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சாமுங்க. போக முடியாம மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சாம். ராவுத்தரய்யா விடமாட்டேன்னு புடிச்சுக்கிட்டு அழுதாராம். இவுகதான் அவரு கைய எடுத்துவிட்டுட்டு, ‘நீ போ கண்ணு'ன்னு சொன்னாகளாம்."

அந்த மனிதரோடு அத்தனை காலம் பழகியும், அவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது என்பதை நான் அன்று தெருவில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். அழுகை வந்தது. அங்கம்மாள் முன்னால் அழுதேன்.

அவரை அறிந்தவர்களே, அவருடைய நேர்மையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் அந்தக் கதையை எடுத்துக்கொள்கிறேன். யாராவது கேட்டால் தாயோடு சேர்த்துத்தான் சொல்வேன். சொல்லி முடித்த பிறகு, அந்தத் தாய் புத்தகத்தில் இல்லை என்றும், கோடைக்கானல் கடைவீதியில் இருக்கிறாள் என்றும், கையை விட முடியாமல் அழுத டாக்டர்தான் சென்ற வாரம் அடக்கமான மீரான் ராவுத்தர் என்றும் சொல்வேன்.