வெறும் மண்

ஏர்பேட்டில் கோழித் தீவனத்துக்காக வெட்டுக்கிளி வளர்க்கும் கன்னிகா, புல் அறுத்துவிட்டு வந்தபோது கூண்டில் மணல் தட்டைக் காணவில்லை. பூச்சிகள் முட்டையிட்டிருந்த தட்டு அது. அடுத்த கூட்டம் அதிலிருந்துதான் பொரிய வேண்டும். மணல் காயாமல் பத்து நாளாகத் தண்ணீர் தெளித்துவந்தாள்.

"வெறும் மண்ணுன்னு கொட்டிட்டேன்," என்றான் கணவன் தனசேகர். கொல்லையில் கோழிகள் அதைக் கிளறிக்கொண்டிருந்தன.

"அதுல முட்டை இருக்குதுய்யா."

"கோழிக்குத்தானே வளக்கிற? அதுங்களே துன்னுக்கினு இருக்குது, உடு."

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. கோழிகளை விரட்டிவிட்டு, உட்கார்ந்து மண்ணைத் துழாவினாள். முட்டைக்கூடு ஏழுதான் அகப்பட்டது. வேறு தட்டில் ஈரமணல் நிரப்பி அவற்றைப் புதைத்தாள். தட்டைச் சாமி படங்களுக்குக் கீழே வைத்தாள். வீட்டில் அவன் கை வைக்காத இடம் அது ஒன்றுதான்.