பாராட்டா, திட்டா?

பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் தமிழ்வழியில் படித்தவள். மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொருளியல் படிக்க ஆசைப்பட்டேன். அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதில் ஆங்கிலமும் உண்டு. மாதிரி வினாத்தாளைப் பார்த்தேன். கேள்வி புரிந்தது. விடையாகக் கொடுத்திருந்த நான்கு சொற்களில் ஒன்றுகூடப் புரியவில்லை.

உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் தலையணை கனத்துக்கு ஓர் ஆங்கிலச் சொற்பொருள் புத்தகம் வாங்கி வந்தேன். அதை முன்பு வைத்திருந்தவர் படித்து முடித்த சொற்களுக்கெல்லாம் பென்சிலால் டிக் போட்டிருந்தார். 'சி' எழுத்தின் பாதியில் டிக் நின்றுவிட்டது. அதற்கப்புறம் பக்கங்கள் கசங்கக்கூட இல்லை. நானோ 'பி' முடிப்பதற்குள் 'ஏ'வை மறந்திருந்தேன்.

எங்கள் வீடு சூலூருக்குப் பக்கத்தில். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள். அப்பா இரண்டைப் பார்த்துக்கொள்வார், அம்மா இரண்டை. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினால்தான் காதில் விழும். ஆனால் அம்மாவுக்கு உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளும் பழக்கம் உண்டு. நான் மாதிரி வினாத்தாள்களில் வந்த சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி, எதிரே பொருளையும் எழுதி அவரிடம் கொடுத்தேன். நூல் தீர்ந்த தறிக்கு, நூல் சுற்றிய குச்சியான தாரை மாற்றிக்கொண்டே அவர் சொல்லைக் கத்துவார், நான் பொருளைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் அம்மா நோட்டை மூடி வைத்துவிட்டார்.

"இப்படி மனப்பாடம் பண்ணுனா நிக்காது கண்ணு. ஒவ்வொண்ணும் யாராட்டன்னு சொல்லு."

அப்படித்தான், ஒவ்வொரு சொல்லும் யார் மாதிரி என்று பார்த்துப் பார்த்து, சொந்தபந்தம் எல்லாம் நோட்டுக்குள் வந்து சேர்ந்தது. அதிகம் பேசாதவர் என்று பொருள்படும் 'டாசிட்டர்ன்' அப்பாவுக்குப் போயிற்று. அடிக்கடி மக்கர் பண்ணும் மூன்றாம் தறிக்கு 'ஆப்ஸ்டினேட்', பிடிவாதம். ஓயாமல் பேசுகிறவருக்கான 'கேருலஸ்' என்ற சொல்லுக்கு இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அப்பாவின் அக்கா, உடுமலைப்பேட்டை அத்தை. அவருடைய பேச்சு வாசலில் தொடங்கினால் திரும்பப் பஸ் ஏறும்வரை நிற்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் கொட்டகையின் உள்மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டு, தறிச் சத்தத்துக்கு மேல் எனக்குக் கேட்கட்டும் என்று முழுத் தொண்டையில் கத்தினார்.

"கண்ணு! நம்ம கேருலஸ் அத்தை வாராங்க!"

அவர் வாயைத் திறந்த அதே நொடியில் கரண்ட் போனது. நான்கு தறிகளும் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில் 'கேருலஸ் அத்தை' தெருமுனை வரை கேட்டிருக்கும். அத்தை பை நிறையத் தேங்காயோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அதென்ன அம்மணி, கேருலசு?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். எனக்குப் பொய் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"நெறையாப் பேசறவங்கன்னு அர்த்தமுங்க அத்தை."

அத்தை பையைக் கீழே வைத்தார். முகம் சுருங்கிவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அப்பா! தறிமேல் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீ சிரிக்கறயாடா?" அத்தை அவர் பக்கம் திரும்பினார். "இவனுக்குப் பொண்ணுப் பாக்கப் போனோம். வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசோணுமே! மாப்பிள்ளைக்குக் காது கேக்குமான்னு உங்க தாத்தா எங்கிட்ட ரகசியமாக் கேட்டாரு கண்ணு. நான் பேசுனதுலதான் உங்கம்மா இந்த ஊட்டுக்கு வந்தா." பிறகு என் புத்தகத்தைக் காட்டினார். "இத்தாச்சோடு பெரிய பொஸ்தகத்துல எனக்கு வேற நல்ல வார்த்தை இல்லையா? தேடு."

தேடினேன். 'லோக்வேஷியஸ்' என்றேன். ரொம்பப் பேசுவது என்றதும் கையை வீசி வேண்டாம் என்றார். 'வோலுபிள்', தடையில்லாமல் வேகமாகப் பேசுவது. "அது எம்மருமக." கடைசியாக 'எலொக்வென்ட்' என்றேன், கேட்கிறவர் மனத்தில் பதியும்படி பேசத் தெரிந்தவர்.

"ஆங், இது! எழுதிக்கோ."

கரண்ட் வருவதற்குள் நான்கு சொற்கள் மறக்காமல் பதிந்துவிட்டன. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் புரிந்தது. புத்தகம் இவற்றையெல்லாம் பேச்சு பற்றிய சொற்கள் என்று ஒரே பட்டியலில் போட்டிருந்தது, எது பாராட்டு, எது திட்டு என்று சொல்லவில்லை. ஒன்றால் அத்தையின் முகம் சுருங்கியது, இன்னொன்றால் மலர்ந்தது. அன்று முதல் நோட்டில் இன்னொரு கோடு போட்டு மூன்றாவது கட்டம் பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் 'பாராட்டா, திட்டா' என்று எழுதத் தொடங்கினேன். மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் மெல்ல ஏறியது. புத்தகத்திலும் 'சி'யைத் தாண்டி, 'எஸ்' வரைக்கும் போய்விட்டேன். அதற்குள் தேர்வு வந்துவிட்டது.

தேர்வு ஒரு பொறியியல் கல்லூரியில், கம்ப்யூட்டரில் நடந்தது. ஒரு பத்தியில், கிராமத்து மருத்துவர் ஒருவரைப் பற்றி நான் கண்டேயிராத ஒரு சொல் வந்தது. எழுதியவர் அவரைப் புகழ்கிறாரா, குத்துகிறாரா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். புகழ்ச்சிதான் என்று பட்டது. விடைகளில் மூன்று திட்டாக இருந்தன. மிச்சமிருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். வெளியே வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் அது சரிதான்.

முதலில் கேட்ட பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. மூன்றாவதாகக் கேட்டது கிடைத்தது, அதே பொருளியல். விடுதியில் சேர்ந்து இப்போது ஒரு பருவம் முடிந்துவிட்டது. வகுப்பில் அவ்வளவு கடினமான சொற்களை யாரும் பேசுவதேயில்லை. சாதாரணச் சொற்களைக் கூச்சமில்லாமல் பேசுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. போன மாதம் விலைவாசி பற்றிய வகுப்பில் எழுந்து நின்று என் முதல் கேள்வியைக் கேட்டேன். நடுவில் ஒரு முறை திக்கினேன். பேராசிரியர் காத்திருந்து, முழுதும் கேட்டுவிட்டு, பத்து நிமிடம் அதற்கே பதில் சொன்னார்.