எயார் கிளீனருக்குள் இருந்த தண்ணீர்

அன்று காலை கார்க் கொட்டிலுக்குள் இருந்தது நானும் மச்சாளும் மட்டும்தான். மச்சாள் என்றால் அண்ணையின் மனைவி. அண்ணை இல்லை. காருக்கு ஒரு றப்பர் குழாய் வாங்குவதற்காக, சண்டையில் தரைப்பாதை மூடியிருந்ததால் கிளாலியில் படகேறி, கடல் கடந்து வவுனியாவுக்குப் போயிருந்தார். பேய், சகுனம் எதையும் நான் நம்பியவனல்ல. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவன், அதுவும் பௌதிகம் படித்தவன், பல்லி சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறவன். ஆனாலும் இது நடந்தது. நீங்கள் நம்பாவிட்டால் கோபிக்க மாட்டேன்.

என்னைப் படிப்பித்தது அந்தக் கார்தான். மானிப்பாயில் அண்ணை அதை வாடகைக்கு ஓட்டினார். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டுகிற டேர்போ பூட்டிய டீசல் கார், டீசல் வராத காலம் என்பதால் மண்ணெண்ணெயில் சமையல் எண்ணெய் கலந்து ஓட்டினோம், போகிற வழியெல்லாம் வடை பொரித்த மணம் வரும். பிள்ளைப்பேற்றுக்காரரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறக்கிற கார் என்று அதற்குப் பெயர். அந்த மாரியில் படுத்துவிட்டது. மருதனார்மடம் சந்தி வரைகூட இழுக்காது, வெள்ளையாகப் புகைக்கும், டேர்போவின் விசில் இருமலாகிவிட்டது. கழற்றிப் பார்த்தேன், உள்ளே ஈரம், எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் போல ஒரு பசை. காற்றை வடிகட்டுகிற எயார் கிளீனரிலிருந்து டேர்போவுக்குப் போகிற றப்பர் குழாயின் மடிப்பில் மெல்லிய வெடிப்பு ஒன்று தெரிந்தது. இதுதான் மழைத்தண்ணீரை உறிஞ்சுகிறது என்று தீர்ப்புச் சொன்னேன்.

"சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுத்திக் கட்டுவமடா," என்றார் அண்ணை.

"அண்ணை, உது காத்தை இழுக்கிற குழாய். ரியூப் கழண்டு உள்ளுக்கை போனால் டேர்போ துலைஞ்சுது. புதுசுதான் போடவேணும்."

"கேட்டியே, எங்கடை எஞ்சினியர் சொல்லிப்போட்டார்," என்று மச்சாளைப் பார்த்துச் சிரித்தார். "இனி அப்பீல் இல்லை. நாளைக்கு வெளிக்கிடுறன்."

மச்சாள் சிரிக்கவில்லை. "கடலிலை நேவி சுடுறானாமப்பா. ஒரு கிழமை பொறுங்கோவன்."

"நான் பொறுப்பன். பிள்ளைப்பேறு பொறுக்குமே?"

அவர் போன நாலாம் நாள். கார் தகரக் கூரையின் கீழ் அசையாமல் நின்றது. மழையும் விட்டிருந்தது. காலை பத்து மணி, நல்ல வெயில். அண்ணை வந்ததும் குழாயைப் பூட்டலாம் என்று எயார் கிளீனர் பெட்டியைத் திறந்தேன். அவர் வெளிக்கிட்ட அன்று அதிலும் கொஞ்சம் ஈரம் கண்டு, யோசிக்காமல் துணியால் துடைத்துக் காயவைத்து மூடியவன் நான்தான்.

விளிம்பு வரை தண்ணீர். கையை விட்டேன். இளஞ்சூடாக இருந்தது.

மச்சாள் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "தம்பி, உப்புக் கரிக்குது. கடல் தண்ணி."

"கிணத்துத் தண்ணியாயிருக்கும் மச்சாள்."

"எங்கடை கிணறு நல்லதண்ணியெல்லோ? ஆர் கொண்டுவந்து இதுக்கை ஊத்தினது?"

நான் படித்தவனல்லவா, ஒரு கரண்டி எடுத்து அடுப்பில் சுண்டக் காய்ச்சினேன். வெள்ளையாக உப்புப் படிந்தது.

"சரி, எப்பிடியோ வந்துது. வழிஞ்சு போக உதிலை வழியில்லையே?" என்று மச்சாள் கேட்டார்.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வழி இருந்தது. அடியில் சின்னவிரல் அளவில் ஒரு துவாரம், அதற்குள் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம். டாங்கியில் பொத்தல் கண்டால் சவர்க்காரத்தைப் பிசைந்து அடைப்பது எங்கள் ஊர் வழக்கம், மாரி தொடங்க முதல் நான்தான் இதையும் பொத்தல் என்று நினைத்து அடைத்திருந்தேன். உள்ளே தெறிக்கிற மழைத்தண்ணீர் வடியவென்றே விட்ட துவாரம் அது. குழாயில் நான் கண்டது வெறும் மேல்தோல் வெடிப்பு. சவர்க்காரத்தில் என் பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

மச்சாளிடம் சொல்ல வாய் வரவில்லை. அண்ணை வரட்டும், காலில் விழுந்து சொல்லலாம் என்று இருந்தேன்.

மத்தியானம் ஒருவர் சைக்கிளில் வந்து படலையடியில் நின்றார். உள்ளே வரவில்லை. திரும்பி வந்த படகுக்கு விடியப்புறம் நேவியின் துவக்குச் சூடு விழுந்ததாம், அண்ணையைத் தண்ணீருக்குள்ளிருந்துதான் எடுத்தார்களாம்.

கடல் தண்ணீர் எப்படி வந்தது என்று எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன். அதையாவது யாரோ ஊற்றினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தண்ணீரின் சூடு, சத்தியமாகச் சொல்கிறேன், அது வெயில் சூடல்ல, ஆளின் உடம்புச் சூடு. அதை இன்றும் என் கை மறக்கவில்லை.

அண்ணையின் எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த பிறகு ஒரு தென்னை ஈர்க்கால் சவர்க்காரத்தைக் குத்தி எடுத்தேன். பழைய குழாயோடேயே கார் ஓடியது. மச்சாளுக்கு இன்றுவரை சொல்லவில்லை. அண்ணையின் சேட்டுப் பைக்குள் பொலித்தீனில் சுற்றிய பில் கிடந்தது. மச்சாள்தான் விரித்து வாசித்தார்.

றப்பர் குழாய் ஒன்று, முந்நூற்று எண்பது ரூபாய்.