கழுவிய தகரம்

மழையில் நனைந்த மரத்தூளும் முயல் மூத்திரமும் சேர்ந்தால் வருகிற வீச்சம் மூக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டால் லேசில் இறங்காது. கண்டியில் மழைக்குக் குறைவேது. என் பத்தாவது வயதில் மூன்று மாதங்கள் அந்த வீச்சத்தோடுதான் கழிந்தன. பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையிலும் அது ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதோ என்று வகுப்பில் யாரும் பார்க்காதபோது என்னையே நான் முகர்ந்து பார்த்துக்கொள்வேன்.

முயல்கள் என்னுடையவை அல்ல, செல்வியுடையவை. அவள் என் வகுப்புக்காரி, கடைவீதியில் தையல் மெஷின் மிதித்தவரின் மகள். இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, குடியுரிமை கிடைக்காத மலையகத் தமிழர்கள் இந்தியாவுக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கும் நாள் வந்துவிட்டது. கட்டிலை விற்றார்கள், மேசை கதிரைகளை விற்றார்கள்; வெள்ளையனையும் புள்ளியையும் மட்டும் விற்க விடாமல் அழுது அடம்பிடித்து, செல்வி என் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். "குட்டி போட்டா எழுது. யாருக்கும் குடுத்துறாத" என்றாள். தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அந்த வயதில் சத்தியம் என்பது எனக்கு விளையாட்டுக் காரியம் இல்லை.

நாங்கள் வாடகைக்கு இருந்தது ஹாஜியார் என்று எல்லோரும் கூப்பிடுகிற வீட்டுக்காரருடைய வீட்டின் மேல் பாதியில். மேல் பாதி என்றால் மாடி அல்ல. மலைச்சரிவில் கட்டிய வீடு, எங்கள் கொல்லை மேலே, அவருடைய கொல்லை நாலு படி கீழே. நகரசபையில் கிளாக்கராக இருந்த அப்பா, பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகையை உடைத்து, கால் வைத்து, அடியில் இடைவெளி விட்டுச் சட்டம் அடித்து ஒரு கூடு செய்து கொடுத்தார். எங்கள் வீட்டில் அதற்கு "மொசப்பெட்டி" என்று பெயர். அழகான பெட்டிதான். ஆனால் மேலே பெய்கிற மூத்திரம் சட்டத்தின் வழியே ஒழுகி, மழைத்தண்ணீரோடு கொல்லையின் கழிவுநீர் ஓடுகிற சிமெந்துக் கானில் ஓடி, கீழே ஹாஜியார் தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவுகிற பைப்படிக்கே போய்ச் சேரும் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

ஹாஜியார் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. ஒரு நாள் படியேறி வந்து அப்பாவிடம் சொன்னார்: "தம்பி, மொசல் வளக்கிறதுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. அந்தத் தண்ணி நான் ஒளு எடுக்கிற எடத்துக்கு வருது. நோன்புக்கு முந்தி ஒரு வழி பாருங்க."

அவர் படியிறங்கும் வரை சிரித்த முகமாக நின்ற அம்மா, உள்ளே போனதும் அழுதுவிட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வீடு முழுவதும் பினாயில் ஊற்றிக் கழுவி, சாம்பிராணி போடுகிறவள் அவள். ஒருவர் வாயிலிருந்து அசுத்தம் என்ற பேச்சு வரவே கூடாது என்பது அவளுடைய வாழ்நாள் பயம். "நாம இருக்கிற எடத்துல வீச்சமாம்!" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா எனக்குக் கெடு வைத்தார்: நோன்புக்குள் சரிவராவிட்டால் முயல்கள் வீட்டில் இருக்காது.

நல்லவேளையாக, அதற்கான வழியைச் செல்வி எனக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். முயல் கண்ட இடத்தில் போகிற பிராணி இல்லை, அது தானே ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும்; அந்த மூலையில்தான் மரத்தூள் போட்ட ஒரு தகரத் தட்டை வைக்க வேண்டும். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை அப்பாவைக் கொண்டு தட்டையாக வெட்டி, கை கிழிக்காதபடி விளிம்பை மடித்து, மர ஆலையில் கேட்டு வாங்கிய தூளை நிரப்பினேன். புல்லைத் தகரத்தின் பக்கத்திலேயே கட்டினேன், தின்றுகொண்டே போவது அவற்றின் வழக்கமாதலால். எல்லாவற்றையும்விட முக்கியமானது கடைசி விஷயம். "தகரத்தை முழுசா கழுவிறாத. பழைய தூள்ல ஒரு பிடி, நாலு புழுக்கை விட்டு வை. இல்லாட்டி அதுகளுக்கு எடம் தெரியாது" என்று செல்வி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

முதல் வாரம் வெள்ளையன் தகரத்தில் படுத்துத் தூங்கினான்; போக வேண்டியதை வெளியே போனான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சிதறிய புழுக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தகரத்தில் போட்டேன், மூத்திரம் துடைத்த துணியையும் அதிலேயே வைத்தேன். இரண்டாவது வாரம் புள்ளி வழிக்கு வந்தாள். அவளைப் பார்த்து அவனும் வந்தான். கான் காய்ந்தது. ஹாஜியார் கீழேயிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தபோது எனக்குப் பரீட்சையில் முதலாவதாக வந்த பெருமை.

அம்மாவிடம் மட்டும் நான் ஒன்றைச் சொல்லவில்லை. தினமும் தகரத்தைக் கழுவியதாகவே சொன்னேன். ஒரு பிடி அழுக்கை வேண்டுமென்றே மிச்சம் வைக்கிறேன் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

நோன்பு தொடங்குவதற்கு முதல் நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கொல்லையே பினாயிலில் மணந்தது. தகரம் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் பளபளத்தது. பெட்டியின் ஒவ்வொரு சட்டத்தையும் அம்மா தேங்காய்மட்டையால் உரசி, மஞ்சள் தண்ணீர்கூடத் தெளித்திருந்தாள். "அவங்களுக்கு நோன்பு மாசம் பொறக்குது. நம்மளால ஒரு கொறை வரக்கூடாது பாரு" என்றாள், வேர்த்த முகத்தோடு, சந்தோஷமாக.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் முழுவதும் முயல்கள் தகரத்தை மோந்து பார்த்து மோந்து பார்த்து விலகிப்போயின. நாலு மூலையிலும் நடுவிலும் போயின. பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. முதல் நோன்பு துறக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால் ஹாஜியார் பைப்படிக்கு வந்தார், கானைப் பார்த்தார், சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் வாசல் பைப்புக்குப் போனார். அப்பா மேலே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் மாலை ஹாஜியார் வீட்டிலிருந்து வழக்கம்போல ஒரு பாத்திரம் நோன்புக் கஞ்சி வந்தது. அப்பா ஒரு வாய் எடுத்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "அவர் ஒண்ணும் சொல்லல. அதுதான் எனக்குத் தாங்கல" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்த தன் சிநேகிதருக்குக் கொடுப்பதற்காக முயல்களைப் பெட்டியில் போட்டு பஸ் ஏறினார். நானும் வருகிறேன் என்று அழுதேன், கூட்டிப்போகவில்லை. பிறகு எத்தனை முறை கேட்டாலும் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லா இருக்கு" என்பார். முயலை அங்கே எதற்கு வாங்குவார்கள் என்று எனக்கும் தெரியும், கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

அம்மா பல நாள், "சுத்தமாத்தானே வச்சேன், ஏன் அப்படி ஆச்சு?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் எனக்குத் தெரியும். அவள் இறக்கும்வரை நான் சொல்லவில்லை.

திருச்சிப் பக்கத்து முகாமிலிருந்து செல்வியின் கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வரி முயல்களைப் பற்றித்தான். நான் அப்பாவின் சொல்லையே எழுதினேன்: நல்லா இருக்கு. பிறகு துணிந்து, ஐந்து குட்டி போட்டிருக்கிறது என்றும் எழுதினேன். ஐந்துக்கும் பெயர் வைத்து அவளே அனுப்பினாள். இரண்டு வருடத்தில் கடிதங்கள் நின்றன.

போன மாதம் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். ஹாஜியார் இல்லை, வீடும் இல்லை. சரிவை வெட்டிச் சமப்படுத்தி முச்சக்கர வண்டிகள் நிறுத்துகிறார்கள். பைப்படி எந்த இடத்தில் இருந்தது என்று மட்டுக்கட்ட முடியவில்லை.

செல்வி, எங்கிருந்தாவது நீ இதைப் படித்தால்: முயல்கள் என்னிடம் மூன்று மாதம்தான் இருந்தன. நீ பெயர் வைத்த குட்டிகள் பிறக்கவே இல்லை.