இருபது டிகிரி அறை

தொழிற்சாலையில் அவளுக்கு மைக்ரான் அக்கா என்று பெயர். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. விமான எஞ்சினுக்குப் போகும் உலோகப் பாகங்களை அவள் அறையிலுள்ள இயந்திரம் ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு அளக்கும். அவள் கையெழுத்துப் போட்ட பிறகே அவை வண்டி ஏறும். சூடு ஏறினால் உலோகம் விரியும் என்பதால் அறை எப்போதும் இருபது டிகிரி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் அவள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பாள், தனியாக.

அந்த இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இரண்டாவது ஆளுக்கு விளம்பரம் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வந்தவர்களுக்கு வேலை தெரியவில்லை. வேலை தெரிந்த இருவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தம்பி போன் செய்தான்.

"அக்கா, அம்மாவ ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம். இன்னைக்கே வந்துடு."

"நாளைக்கு வரேன்டா. இன்னைக்கு நாப்பது பீஸ் போகணும்."

"ஏன், நீ இல்லன்னா கம்பெனி ஓடாதா?"

"ஓடாதுடா," என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

முப்பத்தோராவது பாகத்தை அளந்துகொண்டிருந்தபோது அம்மா போய்விட்ட செய்தி வந்தது. மீதி ஒன்பதையும் அளந்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. காரியம் முடிந்தபின் தம்பி அவளுக்குப் போன் செய்யவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"சார், வெளியில தேடினது போதும். பேக்கிங்ல இருக்கிற ஒருத்தங்களக் குடுங்க. நான் கத்துக் குடுக்கிறேன்."

"பேக்கிங்கா? அட்டைப்பெட்டி ஒட்டுறவங்களுக்கு இதெல்லாம் ஏறுமா? அப்படியே ஏறினாலும் பறந்துடுவாங்கம்மா."

"பறந்தா இன்னொருத்தங்களுக்குக் கத்துக் குடுப்பேன். இல்லன்னா நான் வேலைய விட்டுடுறேன்."

அவள் குரல் உயரவே இல்லை. மேனேஜர் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு சம்மதித்தார்.

பேக்கிங் பிரிவிலிருந்து வந்தவள் அவளைவிட நான்கே வயது சின்னவள், இரண்டு பிள்ளைகளின் தாய். முதல் வாரம் குளிரில் நடுங்கினாள், இயந்திரத்தைத் தொடவே பயந்தாள். ஆனால் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஏழாவது மாதம் ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. காலையில ஊசி மாத்தினீங்க. அதுக்கப்புறம் அதச் சரிபார்க்கவே இல்லையே?"

மைக்ரான் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அளந்த பன்னிரண்டையும் மறுபடி அளந்தார்கள். இரண்டு தேறவில்லை. அன்று மாலையே பத்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். அம்மாவின் காரியத்துக்குப் போனதைத் தவிர, ஐந்து வருடத்தில் அதுதான் முதல் விடுப்பு.

தம்பி வீட்டில் நாத்தனார் என்ற மரியாதைக்குக் குறைவில்லை. தம்பி மனைவி காபி கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பி செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டான்.

"எத்தனை நாள் லீவு?"

"பத்து நாள்."

"அம்மாவுக்கு ஒரு நாள் கேட்டோம்."

அவள் காபி டம்ளரைக் கழுவி வைக்க எழுந்து போனாள். மூன்றாம் நாள் மொட்டைமாடிக்குப் போய்த் தொழிற்சாலைக்குப் போன் போட்டாள்.

"எல்லாம் ஓடுதா?"

"சூப்பரா ஓடுதுக்கா. நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க."

பேச்சு முடிந்தபிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் புடவைகளில் ஒன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தம்பி மனைவி அதை உடுத்துகிறாள் போலும்.

நான்காம் நாள் தன் வாடகை வீட்டுக்குத் திரும்பி, மீதி நாட்களைத் தூங்கியும் ஜன்னலோரம் உட்கார்ந்தும் கழித்தாள். அடுத்த மாதம் மறுபடியும் இரண்டு நாள் விடுப்பு எடுத்துத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் அன்றும் அதிகம் பேசவில்லை. அதற்கடுத்த மாதமும் போனாள்.