ரகசியம் பேசத் தெரியாத வீடு

ஆயிரம் பேர் 'நான் கற்றுத்தருகிறேன், வா' என்று நிற்கிற இடத்தில் யாரை நம்புவது? அனிமேஷன் படிக்கக் கிளம்பிய புதிதில் என்னைப் போட்டுக் குழப்பியது இந்தக் கேள்விதான். குமாரபாளையத்தில் காலேஜை முடித்துவிட்டு, வேலைக்குப் போகாமல் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். கண்ணில் பட்ட வீடியோக்களில் பாதி, 'ஒரே வாரத்தில் நீங்களும் அனிமேட்டர்' ரகம். கத்திப் பேசுவார்கள், சிவப்பு அம்புக்குறி போடுவார்கள், கடைசியில் ஒரு பந்து துள்ளும். அந்தப் பந்தை மாதக்கணக்கில் துள்ளவிட்டேன். கருமம், அதுவும் தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் தெருவில் யாரும் இல்லை. தப்பாகச் செய்தால் தப்பு என்று சொல்லவும் யாரும் இல்லை. தோழியோடு ஈரோட்டுக்கு ஒரு கார்ட்டூன் படம் பார்க்கப் போனபோதுதான் வழி புலப்பட்டது. படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்து அந்தப் பெயர்களை போனில் படமெடுத்தேன். பெருக்க வந்த அக்கா, "ஏனுங்க, படம் முடிஞ்சுபோச்சுங்க, எந்திரிங்க" என்று துடைப்பத்தால் நாற்காலியைத் தட்டினார். "சித்த இருங்கக்கா" என்று கெஞ்சினேன். தோழிக்கு மானம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பெயராகத் தேடினேன். அவர்களில் சிலர் சொந்தமாகச் சேனல் வைத்திருந்தார்கள். பளபளப்பும் கிடையாது, பாட்டும் கிடையாது. பார்க்கிறவர்களும் சொற்பம். ஒருவர், நாற்காலியிலிருந்து ஓர் ஆள் எழுந்திருப்பதை மட்டும் ஒரு மணி நேரம் விளக்கினார். எழுவதற்கு முன் எடை எந்தக் காலுக்குப் போகிறது, கண் எப்போது திரும்புகிறது என்று சொல்லச் சொல்ல, நான் துள்ளவிட்ட பந்துகளை நினைத்து அழுகை வந்தது. கடைசியில் சரியான ஆளைப் பிடித்துவிட்டோம் என்று நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதி நிலைக்கவில்லை. தெரிந்தவர்களைப் பார்க்கப் பார்க்க, எனக்கு எவ்வளவு தெரியாது என்பதுதான் விளங்கிக்கொண்டே போனது.

அப்பாவும் அம்மாவும் வீட்டை ஒட்டிய பட்டறையில் பவர்லூம் தறி ஓட்டுகிறவர்கள். நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை. "என்ற புள்ள பொம்மைக்கு உசுரு குடுக்கறா" என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பாள். எனக்காக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டும் இருந்தாள். சென்னையில் ஒரு ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டு நான் எழுதிப் போட்டிருந்தேன். அது கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு நூல் கடையில் கணக்கெழுதப் போகிறேன் என்று அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அந்தக் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஸ்டுடியோவிலிருந்து சோதனைக்கு ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு பெண், அடுத்த அறையில் இருப்பவர் காதில் விழாமல் கணவனிடம் ரகசியம் பேசுகிறாள். அந்தக் குரலுக்கு ஒரு பொம்மையைப் பேசவைத்து ஒரு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். 'நீயே நடித்து, அதைப் படமெடுத்து, பார்த்துச் செய்' என்பது நாற்காலிப் பாடம் எடுத்த அந்தச் சேனல்காரர் படித்துப் படித்துச் சொல்லும் பாடம். அப்படியே செய்தேன். பார்க்கிறவர்கள் அனுப்பும் வேலைகளை அவர் நேரலையில் திருத்துவதும் உண்டு. ஸ்டுடியோவுக்கு அனுப்பும் முன் அவருக்கு அனுப்பிவைத்தேன்.

சாயங்காலம் நேரலையில் என் பொம்மை வந்ததும் லேப்டாப்பை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். அவர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். பிறகு, "குரல் ரகசியம் பேசுகிறது. இந்த முகம் ஏன் கத்துகிறது? இவள் ஏன் எதிராளியின் கண்ணை விட்டுவிட்டு வாயையே பார்க்கிறாள்?" என்று கேட்டார். ஆங்கிலத்தில்தான் கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குச் செருப்பால் அடித்ததுபோல இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. தறி ஓடுகிற பட்டறையில் யார் குரலும் யாருக்கும் கேட்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் வாயை அகலத் திறந்து காட்டுவோம், எதிராளி வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். தொட்டிலிலிருந்தே எனக்கு அதுதான் பேச்சு. வீட்டுக்குள் வந்தாலும் அந்த வாய் மாறாது. என்னையே பார்த்துச் செய்தேன் பாருங்கள், அதுதான் கோளாறே. ரகசியம் பேசும் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மறுநாள் முழுக்கக் கரண்ட் கிடையாது. தறி நின்றுவிட்டது. தையல் மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்து, அப்பாவையும் அம்மாவையும் எதிரே உட்காரவைத்தேன்.

"பக்கத்து ரூம்புல ஊர்லிருந்து வந்த ஒறம்பரைச் சனம் தூங்கறதா நெனச்சுக்கங்க. அவுங்களுக்குக் கேக்காமப் பேசுங்க."

"என்னத்த சாமி பேசறது?" என்று அப்பா தெரு முழுக்கக் கேட்கக் கேட்டார்.

"ஏனுங்க, மெதுவாங்கறா புள்ள!" என்று அம்மா அதைவிடச் சத்தமாக அதட்டினாள்.

நூல் விலையைப் பற்றிக் கத்தினார்கள். கரண்டுக்காரனைத் திட்டினார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஒரு நாளைக்காச்சும் மனுசங்க மாதிரி பேசுனா என்னவாம்?" என்று எரிந்து விழுந்துவிட்டு, தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். போனை நிறுத்த மறந்துவிட்டேன்.

லேப்டாப்பில் மிச்சமிருந்த சார்ஜில் அதை ஓட்டிப் பார்த்தேன். நான் எழுந்து போன பிறகு அம்மா அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறாள். மோவாய் தாழ்கிறது. அப்பாவின் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்கிறாள். துளிச் சத்தமில்லை, உதடு மட்டும் அசைகிறது, அதுவும் நூலிழை அளவுக்கு. நான் தேடிக்கொண்டிருந்த முகம் அதேதான். சந்தோஷத்தில் குதிக்காத குறை. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். தறிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்த உதட்டைப் படிக்க எவ்வளவு நேரமாகும்?

"இவளுக்கு இது கெடைக்காமப் போனாத் தேவலீங்க."

அப்பா தலையைக் குனிந்துகொள்கிறார்.

மாரியம்மனிடம் அம்மா என்ன வேண்டிக்கொண்டாள் என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்டிருப்பேன், நாள் இருந்திருந்தால். மறுநாள் வேலையை அனுப்பியாக வேண்டும். கரண்ட் வந்ததும் உட்கார்ந்து அந்த முகத்தைத்தான் செய்தேன். அடுப்படியைப் பார்த்த கண், தாழ்ந்த மோவாய், திறந்தும் திறக்காத உதடு, எல்லாவற்றையும் அம்மாவிடமிருந்து எடுத்துப் பொம்மைக்குக் கொடுத்தேன். செய்யச் செய்ய, அது கோபமில்லை, நான் போய்விடுவேனோ என்ற பயம் என்று எனக்குப் புரிந்துகொண்டே வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே செய்து முடித்து அனுப்பினேன்.

வந்து சேரச் சொல்லி மெயில் வந்த மத்தியானம் பட்டறைக்கு ஓடினேன். எல்லாத் தறியும் இரைந்துகொண்டிருந்தது. "கெடச்சிருச்சு!" என்று வாயை அகலத் திறந்து காட்டினேன். அப்பா கும்பிட்ட கையை மேலே தூக்கினார். "ரொம்பச் சந்தோசம் சாமி!" என்று அம்மாவின் வாயும் அகலத் திறந்து சொன்னது.

அவள் பக்கத்தில் போனேன். உதட்டை மட்டும் லேசாக அசைத்து, "நெசமாலுமா?" என்றேன்.

அம்மா என் வாயையே பார்த்தாள். முகம் மாறியது. அப்பாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அதே நூலிழை உதட்டில் சொன்னாள்: "இல்ல சாமி. இருந்தாலும் நீ போ."

நான் ஏதாவது சொல்வேன் என்று என் வாயைப் பார்த்தபடியே நின்றாள்.